ஒன்றாம் பக்கத்துக்குப் பிறகு மூன்றாம் பக்கம்

மார்ச் 3

அன்புள்ள ஊசிக்கு,

பஞ்சு எழுதுகிறேன். எந்தப் பஞ்சு என்று கேட்காதே. உன் வாழ்க்கையில் ஒரு பஞ்சுதான் இருந்திருக்க முடியும். வானொலி நிலையத்து ரெக்கார்டு நூலகத்தில் தட்டுகளைத் துடைத்துத் துடைத்தே எனக்கு அந்தப் பெயர் வந்தது. எதிர் அறையில் உட்கார்ந்து அதே தட்டுகளை ஒலிபரப்பிக்கொண்டிருந்த உனக்கு உன் வாயால் வந்தது. 'நீ' என்று எழுதுவதா, 'நீங்கள்' என்று எழுதுவதா என்று அரை மணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது வருஷமாக ஒரு வரி எழுதாதவள் மரியாதையோடு ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் உன்னை 'நீங்கள்' என்று எழுதிப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முகவரி எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். போன மாதம் என் அக்கா ஒரு வேலையாக உங்கள் ஊர்ப்பக்கம் வந்தாள். வந்த இடத்தில் இருமல். பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற மருந்துக் கடையில் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அதில் ஒட்டியிருந்த, கடை முகவரி அச்சடித்த சீட்டில், 'குலுக்கிவிட்டு ஒரு மூடி, சாப்பிட்ட பிறகு' என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு 'கு'வின் வாலும் பக்கத்து எழுத்தின் காலை இடறிவிட்டுப் போயிருந்தது. எட்டு வருஷம் நிலையத்து ஒலிபரப்பு லாக் புத்தகத்தில் பார்த்த உன் கையெழுத்து. அக்காவுக்கு இருமல் நின்று பத்து நாளாகிறது, பாட்டிலை மட்டும் நான் தூக்கிப் போடவில்லை.

நான் ஜனவரியோடு ஓய்வு பெற்றுவிட்டேன். நூலகத்தையும் மூடிவிட்டார்கள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, தட்டுகள் யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள் அறிவிப்புப் பலகையில் சீட்டு ஒட்டினார்கள். இளம் பிள்ளைகள் உறையில் இருக்கிற படத்தைப் பார்த்து அள்ளிக்கொண்டு போனார்கள். நான் எடுத்துக்கொண்டவை மூன்று. ஒன்று, உன் அறையில் இடது பக்கம் இருந்த, தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள். இரண்டு, பாதி தீர்ந்த சிவப்பு நூல்கண்டு. மூன்று என்னவென்று உனக்கே தெரிந்திருக்கும். டாக்டர் நாடகம். மூன்று தட்டு, ஆறு பக்கம், இரண்டேகால் மணி நேரம். நாம் வருஷத்துக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போடுவோமே, அந்தப் பழைய செட். ஐந்தாம் பக்கத்தில் இருந்த கீறல் அப்படியே இருக்கிறது.

போன வாரம் அக்காவை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். முதல் பக்கம் முடிந்தது. நான் எழுந்து தட்டைத் திருப்பாமல் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு தட்டைப் போட்டேன். அது முடிந்ததும் மூன்றாவது தட்டு. அது முடிந்த பிறகு மறுபடியும் முதல் தட்டை எடுத்து, அதன் பின்பக்கம். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "முன்னால ஒண்ணு, பின்னால ரெண்டுன்னு ஒழுங்காப் போட்டா என்ன? இதை எந்தப் புத்திசாலி அடுக்கினான்?" என்றாள்.

ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் தொழில் சம்பந்தமாக ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. விடுவேனா? வீட்டில் கேட்கிறவர்களுக்கான செட்டில் ஒன்றும் இரண்டும் ஒரே தட்டின் இரு பக்கம், மூன்றும் நான்கும் அடுத்தது, ஐந்தும் ஆறும் கடைசி, ஒரு பக்கம் முடிந்தால் திருப்பிப் போட வேண்டியதுதான் என்றேன். தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றாகத் தானே விழுகிற மெஷினுக்கு வேறு மாதிரி. ஒன்றின் பின்னால் ஆறு, இரண்டின் பின்னால் ஐந்து, மூன்றின் பின்னால் நான்கு. மூன்றும் விழுந்து முடிந்ததும் அடுக்கை மொத்தமாகக் கவிழ்த்து வைத்தால் நான்கு, ஐந்து, ஆறு என்று வரும். வானொலி நிலையத்தில் இரண்டு டர்ன்டேபிள் இருக்கும். ஒரு பக்கம் முடிகிற நொடியில் அடுத்த பக்கம் இன்னொரு மெஷினில் தயாராக நிற்க வேண்டும். ஒரே தட்டின் பின்னால் அடுத்த பக்கம் இருந்தால் அது எப்படி நடக்கும்? அதனால் நமக்கு ஒன்றின் பின்னால் நான்கு, இரண்டின் பின்னால் ஐந்து, மூன்றின் பின்னால் ஆறு. சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தால் அக்கா தூங்கிவிட்டிருந்தாள்.

நீ எப்படி இருக்கிறாய்? உன் வீட்டுக்காரர், குழந்தைகள் எல்லாரும் சௌக்கியமா? ரெக்கார்டு கேட்கிற பழக்கம் இன்னும் இருக்கிறதா?

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன், ஆனால் இதில் எழுத வரவில்லை. நீ பதில் போடுவாயா என்று முதலில் பார்க்கிறேன்.

என்றும் உன்,
பஞ்சு


மார்ச் 11

அடி பஞ்சு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்ததில், மூல வியாதிக்கு மருந்து கேட்க வந்தவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அவர் சாபம் உன்னையே சேரட்டும்.

பத்தொன்பது வருஷம் என்று நீயே கணக்குச் சொல்லிவிட்டதால் நான் திட்ட இடமில்லாமல் போயிற்று. நானும் எழுதவில்லை. ஆளுக்குப் பாதிப் பாதி.

என் சமாசாரம் கேள். வேலையை விட்ட மறு வருஷமே கல்யாணம். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நாற்பது பிள்ளைகள் போடுகிற கூச்சலில் காது பாதி மந்தம். அதனால் நான் பேசுவதில் பாதிதான் அவருக்குக் கேட்கும், குடும்பம் நிம்மதியாக ஓடுகிறது. ஒரே மகள், வெளியூரில் படிக்கிறாள், என் வாய் அப்படியே அவளுக்கு. நான் மருந்துக்கு முறையாகப் படித்துத் தேர்வெழுதி, பதினாறு வருஷமாக இந்தக் கடையில் இருக்கிறேன். இந்தப் பதினாறு வருஷத்தில் ஒரு மருந்து மாறிப் போனதில்லை. டாக்டர்கள் எழுதுகிற தப்பைக்கூட நான் ஃபோன் பண்ணிக் கேட்டுத் திருத்தியிருக்கிறேன். ஊரில் பெரிய பெயர், ஒத்துக்கொள்.

ரெக்கார்டு கேட்கிறேனா என்று கேட்டாயே. ஐந்து வருஷம் முன்னால் வீட்டுக்காரர் எங்கேயோ ஒரு பழைய சாமான் கடையில் டர்ன்டேபிள் ஒன்று பார்த்து வாங்கி வந்தார். நல்ல மெஷின்தான். ஆனால் நான் ஒரு தட்டைப் போடுவதற்கு முன் லேபிளை மூன்று தடவை படிப்பேன். படித்துவிட்டு வைத்து, ஊசியை இறக்கப் போகும்போது மனசு கேட்காமல் மறுபடி எடுத்துப் பார்ப்பேன். "ரெக்கார்டுக்கும் காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு இருக்கா?" என்பார் அவர். தட்டுக்கு மட்டும் என்று இல்லை. கடையைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். வேனில் பாதி தூரம் போன பிறகு கேஸை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து திருப்பச் சொல்லுவேன். ஒரு நாளும் அணைக்காமல் விட்டதில்லை. ஆனாலும் சந்தேகம்.

எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை தந்தது. நீ ஏதோ சொல்ல வேண்டும் என்கிறாய். நான் முதலில் சொல்லிவிடுகிறேன், நீ சங்கடப்படாதே. அதை நான் எப்போதோ விழுங்கிச் செரித்துவிட்டேன்.

நம் நிலையத்து வழக்கம் எனக்கு மறக்கவில்லை. வானொலி அடுக்கில் இல்லாத செட் எதுவாக இருந்தாலும் நீ பெட்டியைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டி அனுப்புவாய். நூல் இருந்தால் நான் கத்தரியால் அறுத்து, லேபிளைப் படித்து, பக்கம் பார்த்து வைப்பேன். நூல் இல்லையென்றால் படிக்க வேண்டியதில்லை, மேல் பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு திருப்பி நான்கு, ஐந்து, ஆறு. அன்றைக்குப் பெட்டியில் வந்தது டாக்டர் நாடகத்தின் கீறல் இல்லாத புதுச் செட், வீட்டு அடுக்கு. நான் கண்ணை மூடிக்கொண்டு பழைய கணக்கில் வைத்தேன். ஊருக்கெல்லாம் போனது ஒன்று, மூன்று, ஐந்து, இரண்டு, நான்கு, ஆறு.

நாம் கதையையா கேட்போம்? ஒலி அளவு காட்டும் மீட்டரில் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டுகிறதா என்றுதான் பார்ப்போம். நாலாவதாகப் போட்ட பக்கத்தில்தான் எனக்கு உறைத்தது. டாக்டருக்கும் அந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் ஆகி, அவன் கப்பலேறிப் போய், செத்துவிட்டதாக எல்லாரும் நினைத்து, உயிரோடு திரும்பியும் வந்தாயிற்று. அதற்கப்புறம் அவள் மெதுவாக, "உங்க பேரைச் சொல்லவே இல்லையே" என்கிறாள். குனிந்து லேபிளைப் பார்த்தேன், இரண்டாம் பக்கம். அதற்குள் நிலைய டைரக்டர் ஃபோனில், "எதையும் நிறுத்தாதே, போட்டதையே போட்டு முடி" என்று கத்தினார். அவனைக் கடலில் மூழ்கடித்துவிட்டு, அடுத்த நிமிஷமே சுபம் போட்டு முடித்தேன்.

இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஒரு நேயர் பாராட்டி எழுதியிருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? திரும்பி வந்த கணவனை அடையாளம் தெரியாமல் மனைவி பெயர் கேட்கும் கட்டம் நெஞ்சை உலுக்கிவிட்டது, இதை எழுதிய துணிச்சலுக்கு வணக்கம் என்று.

மறுநாள் விசாரணையில் நீ நூல் கட்டியிருந்ததாகச் சொன்னாய். எனக்கு நூலைப் பார்த்த ஞாபகமே இல்லை. உடனே ஓடிப்போய்க் குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன். நீயும் என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து தேடினாய். நாலு துண்டு சிவப்பு நூல் கிடந்தது. ஞாயிறு காலையில் நான் அறுத்தது மூன்று செட்டா, நாலா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. நீ பொய் சொல்லுகிறவள் இல்லை. அப்படியென்றால் என் கையே நூலை அறுத்திருக்கிறது, என் மூளையில் பதியவில்லை. அறுத்ததையே மறக்கிறவள் நாளைக்கு எதைத்தான் மறக்கமாட்டாள்? என்னை ஊருக்கு வெளியே இருந்த டிரான்ஸ்மிட்டர் கட்டடத்துக்கு மாற்றியதற்காக நான் வேலையை விட்டேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். அதற்காக இல்லை. என் கையை எனக்கே நம்ப முடியவில்லை, அதனால் விட்டேன்.

போகட்டும், அந்தப் பயம்தான் என்னை இவ்வளவு கவனமான மருந்துக்காரி ஆக்கியது. நஷ்டம் ஒன்றுமில்லை. அக்காவுக்கு மறுபடி இருமல் வந்தால் நேரில் அழைத்து வா.

அன்புடன்,
ஊசி


மார்ச் 19

என் ஊசி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் மாடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். நீ என்மேல் கோபமாக இருப்பாய் என்றுதான் பத்தொன்பது வருஷமாக நினைத்தேன். உனக்கு உண்மை தெரியும், தெரிந்தும் பெருந்தன்மையாக வாயை மூடிக்கொண்டு போய்விட்டாய் என்று நினைத்தேன். நீ உன்னையே சந்தேகப்பட்டிருப்பாய் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் நூல் கட்டவில்லை.

அந்த வாரம்தான் புதுச் செட் வந்தது. ஐந்தாம் பக்கத்துக் கீறலைப் பற்றி நீ ஒவ்வொரு வருஷமும் முணுமுணுப்பாய். இந்தத் தடவை உனக்குச் சுத்தமான செட்டாகக் கொடுத்து அசத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. வீட்டு அடுக்கு என்பதைப் பார்த்தேன். நூல்கண்டைக் கையில் எடுத்தேன். அப்போது ஃபோன் மணி அடித்தது, யாரோ ஏதோ பாட்டைக் கேட்டார்கள், தேடி எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பியூன் பெட்டியோடு உன் அறைக்குப் போயிருந்தார். நூல்கண்டு மேசைமேல் இருந்தது. கட்டிவிட்டேன் என்றே நினைத்தேன். அன்று சாயங்காலம் ஸ்டூடியோவிலிருந்து பெட்டியைத் திரும்ப எடுத்து வைக்கும்போதுதான் நினைவு வந்தது, நான் முடிச்சே போடவில்லை என்று.

இது வரைக்கும் மறதி. மறதிக்காக நீ என்னைத் திட்டியிருப்பாய், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாய், அதோடு முடிந்திருக்கும். மறுநாள் டைரக்டர் அறையில் நடந்தது மறதி இல்லை. எட்டு வருஷம் தற்காலிகமாக இருந்த என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு, கையெழுத்துக்காக அவர் மேசைமேல் கிடந்தது. தலைகீழாக இருந்தாலும் என் பெயர் எனக்குத் தெரிந்தது. "நூல் கட்டியிருந்ததா?" என்று கேட்டார். "கட்டியிருந்தேன் சார்" என்றேன். அவ்வளவுதான். இரண்டு சொல்.

அதைவிட மோசம் அதற்குப் பிறகு நான் செய்தது. இல்லாத நூலை உன்னோடு முட்டி போட்டுத் தேடினேன். நாலாவது துண்டைக் கையில் எடுத்து, "இதோ" என்று உன்னிடம் காட்டியவளும் நான்தான். ஞாயிறு காலையில் நான் நூல் கட்டி அனுப்பிய செட் மூன்று. அதில் ஒன்றுக்கு நூலை இரட்டையாகச் சுற்றியிருந்தேன், அறுத்தால் இரண்டு துண்டாக விழும். இது எனக்கு அந்த நிமிஷமே தெரியும்.

ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீ டிரான்ஸ்மிட்டர் கட்டடத்துக்குப் போகிற வண்டியில் ஏறியதை நூலக ஜன்னலிலிருந்து பார்த்தேன். நீ ராஜினாமா செய்த பிறகு சொல்லி என்ன பயன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் நான் நூலகத்தின் தலைவி ஆனேன். ஒரு பெட்டிக்குக்கூட நூல் கட்ட மறந்ததில்லை. அதனால் உனக்கு என்ன லாபம்?

மன்னிப்பாய் என்று எழுதவில்லை. உன் கை எதையும் மறக்கவில்லை. அது உனக்குத் தெரிந்தாக வேண்டும். நிலையத்துக்கும் இதே விவரத்தை என் கையெழுத்தோடு எழுதி, இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். அங்கே இப்போது அந்த நாடகத்தையே யாருக்கும் தெரியாது. ஆனாலும் உன் பெயருள்ள கோப்பில் அது இருக்கட்டும்.

பஞ்சு


ஏப்ரல் 16

அன்புள்ள ஊசிக்கு,

நான்கு வாரம் ஆகிவிட்டது. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே நான் எழுந்து நிற்பதைப் பார்த்து அக்கா, "யாருக்கடி காத்திருக்கே, கடன்காரனுக்கா?" என்கிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டிய திட்டில் பாதியைக்கூட இங்கே எழுத முடியாது. உனக்கு அதில் ஒரு திருப்தி இருக்குமென்றால், உன் சார்பில் அவள் நன்றாகவே செய்தாள்.

பதில் வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. நாடகச் செட் உன்னிடம் இருப்பதுதான் நியாயம் என்று தோன்றுகிறது. பார்சலில் அனுப்பட்டுமா? 'அனுப்பு' என்று ஒரு சொல் எழுதினால் போதும், வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஐந்தாம் பக்கத்தை நேற்று மறுபடி துடைத்தேன். கீறல் போகாது என்று தெரியும், ஆனாலும் துடைத்தேன்.

பஞ்சு


ஏப்ரல் 24

அடி பாவி பஞ்சு,

பார்சலில் அனுப்பாதே. தபால்காரர்கள் தட்டை எப்படி எறிவார்கள் என்று உனக்குத் தெரியாதா? நூலகத் தலைவியாம்.

உன் கடிதம் வந்த அன்று அதைக் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் ஒரு அம்மாள் மருந்துச் சீட்டை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன், எழுத்து எதுவும் கண்ணில் நிற்கவில்லை. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அதைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

கோபம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய், நமக்கு ஒன்று போதும். கட்டியிருந்தேன் என்று சொன்னதற்குக்கூட அவ்வளவு கோபம் இல்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வாயில் வந்துவிட்டது, யாருக்கும் வரக்கூடியதுதான். ஆனால் என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து கூடையைக் கிளறினாயே, அதை நினைக்கும்போதெல்லாம் உன் முதுகில் இரண்டு வைக்க வேண்டும் போல இருந்தது. இவ்வளவு வருஷமாக அந்த நாளில் எனக்கிருந்த ஒரே ஆறுதல் அதுதான். எல்லாரும் என்னைக் குற்றவாளி மாதிரி பார்த்தபோது பஞ்சு மட்டும் என்னோடு தரையில் உட்கார்ந்தாள் என்று என் மகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். இனி அதை எப்படிச் சொல்வது?

பத்து நாள் அந்தக் கடிதத்தை நான் மட்டுமே திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசியில் வீட்டுக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். காது மந்தமே ஒழிய கண் நன்றாகத் தெரியும். இரண்டு தடவை படித்தார். "அப்ப உன் மேல தப்பே இல்லையா? எத்தனை தடவை பாதி வழியில வண்டியைத் திருப்பியிருக்கேன் தெரியுமா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்கப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை முதலிலிருந்து கடைசி வரை என் கண்முன்னே ஓட்டிப் பார்த்தேன். பெட்டி வந்தது, திறந்தேன், தட்டை எடுத்தேன். நூல் இல்லை. பத்தொன்பது வருஷமாக அந்த இடம் வரும்போதெல்லாம் நான் அங்கே ஒரு நூலைக் கஷ்டப்பட்டுக் கட்டி, அதை நானே அறுத்துக்கொண்டிருந்தேன். இப்போது பெட்டி பெட்டியாகவே இருந்தது. எனக்கு எல்லாம் சரியாக ஞாபகம் இருந்திருக்கிறது, பஞ்சு. அன்றைக்கே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டினேன். ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். அவர் வேனில் உட்கார்ந்தபடி மீதி இரண்டு தடவைக்காகக் காத்திருந்தார். நான் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன். வீடு வரும் வரை சந்தேகம் வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை, ரொம்ப நிம்மதியாக இருந்தது. மருந்துச் சீட்டை மட்டும் இன்னும் மூன்று தடவை படிக்கிறேன், அதை விடமாட்டேன். அது பயமில்லை, தொழில்.

ஆகவே நீ என்னிடமிருந்து எடுத்ததையும் நீயேதான் திருப்பிக் கொடுத்திருக்கிறாய். எடுத்ததற்காக ஒரு முறை நேரில் திட்டுவேன், வாங்கிக்கொள். ஒரே ஒரு முறை. அதற்கப்புறம் அந்தப் பேச்சு கிடையாது.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். உன்னிடம் இருப்பது வானொலி அடுக்கு. அதை ஒரு மெஷினில் கேட்பது பைத்தியக்காரத்தனம், பாவம் அக்கா. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் கதை நின்றுவிடும், நீ எழுந்து தட்டை மாற்றுகிற வரை டாக்டர் கப்பல் படியில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த அடுக்கு இரண்டு மெஷினுக்காகப் போட்டது. ஒன்று உன்னிடம் இருக்கிறது, ஒன்று என்னிடம் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. உன் இடது மெஷினைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காலைப் பஸ்ஸில் ஏறு. பஸ் கூரைமேல் ஏற்ற விடாதே. பஸ் நிலையத்துக்கு அவர் வேனோடு வருவார். அக்காவையும் அழைத்து வா, தூங்குவதற்கு நல்ல சோபா இருக்கிறது.

மத்தியானம் இரண்டு மணிக்குச் சரியாக ஆரம்பிப்போம். லேபிளை நீ படித்து, தட்டை எடுத்துக் கொடு. நான் பார்க்காமல் வைக்கிறேன். முள்ளைப் பார்க்க வேண்டிய வேலை இல்லாததால், இந்தத் தடவையாவது கதையைக் கேட்போம். அவள் அவன் பெயரைக் கேட்ட பிறகு கல்யாணம் பண்ணிக்கொள்ளட்டும்.

இன்னொன்று. வானொலி அடுக்குக்கு நூல் தேவையில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மிச்ச நூல்கண்டிலிருந்து எடுத்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வா. இறுக்கமாக, இரட்டை முடிச்சாகக் கட்டு. கத்தரி இங்கே இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக அறுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த நூலை ஒரு தடவையாவது நிஜமாக அறுத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ஊசி